கைப்பிடி வலிமைச் சோதனை: உங்களுக்கு என்ன நடந்தது?

பிரிக்பீல்ட்ஸ்காரி:
கோயில் மண்டபத்து மருத்துவ முகாம். சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து முடித்தால் கடைசி மேசையில் கைப்பிடி வலிமையைக் கிலோவில் காட்டும் அந்தக் கருவி. எனக்கு வயது 24, எடை 82 கிலோ. மேசையிலிருந்த தம்பி, "அக்கா, மெதுவாக அழுத்துங்கள், உடைந்துவிடப் போகிறது" என்றார். வரிசையே சிரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். 21 கிலோ. கையை எடுத்த பிறகும் முள் அங்கேயே நிற்கும், தெரியும்தானே? பின்னால் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அடுத்து என் சிற்றப்பா மகள். 50 கிலோதான் இருப்பாள், 27 காட்டினாள். "அப்படியானால் உங்களுக்கு உடம்பு மட்டும்தானா அக்கா?" என்று அந்தத் தம்பி கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

ஜெலுத்தோங் மருமகள்:
நான் 39 கிலோ. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. பரிசோதனையில் 15தான் வந்தது. தாதி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேற்பார்வையாளரைப் பார்த்து, "இந்தப் பெண்ணுக்குப் பெட்டி தூக்கும் வேலை வேண்டாம்" என்றார். நான் அங்கேயேதான் நிற்கிறேன்! வீட்டுக்கு வந்தால் மாமியார், "சாப்பிடு சாப்பிடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே" என்று தொடங்கிவிட்டார். பிறகு வேறு கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது இரும்புச்சத்து மிகக் குறைவு. அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை.

செராஸ் பிசியோ மாணவன்:
பயிற்சியின்போது நானும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண் கண் கலங்கி எழுந்து போனார், அதனால்தான் எழுதுகிறேன். பிரிக்பீல்ட்ஸ் அக்கா, உட்கார்ந்தா அழுத்தினீர்கள்? முழங்கை 90 பாகை மடங்கியிருந்ததா? பிடியின் அகலத்தை உங்கள் கைக்கேற்ப மாற்றினார்களா? இல்லையென்றால் அந்த 21ஐ அப்படியே நம்ப வேண்டாம். கொழுப்பு கருவியை அழுத்தாது, முன்கைத் தசைதான் அழுத்தும். எடை கூடியவர்களுக்குத் தசையும் ஓரளவு கூடுதலாக இருப்பதால் கருவி காட்டும் கிலோவில் பெரும்பாலும் பின்தங்க மாட்டார்கள். அந்தக் கிலோவை உடல் எடையால் வகுத்தால்தான் வித்தியாசம் தெரியும்: உங்களுக்கு 0.26, தங்கைக்கு 0.54. ஆசிய வல்லுநர் குழு 2019இல் பெண்களுக்கு 18 கிலோ என்று எல்லை வைத்தது முதியோரின் தசை இழப்பைக் கண்டறிய. 24 வயதுக்கு அது அளவுகோல் அல்ல. 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த 17 நாட்டு ஆய்வில் மலேசியாவும் உண்டு. பிடி 5 கிலோ குறைந்தால் இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடுதல் என்றார்கள், ஆனால் அதில் இருந்தவர்கள் 35 முதல் 70 வயதினர். ஆகவே பயப்பட வேண்டாம், பட்டினியும் கிடக்க வேண்டாம். பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். முட்டை, பருப்பு, மீன் சாப்பிடுங்கள். கனமான பையைக் கையில் பிடித்து நடங்கள், ஈரத் துணியை முறுக்கிப் பிழியுங்கள்...

செந்தூல் கடைக்காரி:
தம்பி, பாடம் நடத்தச் சொல்லி இங்கே யார் கேட்டார்கள்? பிரிக்பீல்ட்ஸ் தங்கை வருத்தப்படுவது அவரைப் பார்த்துச் சிரித்ததற்கு. நீங்கள் 0.26 என்று இன்னொரு முறை அளந்து கொடுக்கிறீர்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை எண் (பிஎம்ஐ) 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்று அட்டையில் எழுதுகிறார்கள், அது போதாதா? எங்கள் கடையில் ரொட்டி சானாய் போடும் பெண்ணுக்கு 90 கிலோ இருக்கும். விடியற்காலையிலிருந்து மாவு பிசைந்து உருட்டுகிற கை. முகாமில் அவள் அழுத்தியது 36, வரிசையில் நின்ற ஆண்கள் சிலரால் அதைத் தொட முடியவில்லை. அவளிடம் போய் எடையால் வகுத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

செராஸ் பிசியோ மாணவன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன் அக்கா. உழைக்கிற கை எந்த எடையிலும் வலுவாக இருக்கும்.

செந்தூல் கடைக்காரி:
அந்த ஒரு வரி போதுமே தம்பி, கட்டுரை எதற்கு?

ஜெலுத்தோங் மருமகள்:
துணி பிழியச் சொல்கிறீர்களே, இருவர் சீருடையை நான் தினமும் கையால்தான் துவைக்கிறேன். அப்படியும் 15. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிய பிறகுதான் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. என்னைப் போல் ஒல்லியானவர்கள் முதலில் இரத்தத்தைப் பாருங்கள்.

செந்தூல் கடைக்காரி:
மாத்திரையைத் தே தாரிக்கோடு விழுங்காதே தங்கை. தேநீர் இரும்பை உடம்பில் சேர விடாது. ஆரஞ்சுச் சாற்றோடு போடு, தே தாரிக் குடிப்பதை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்.