கோல்ஃப் 7: எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் உள்ள காரில் பின் பேட்களை வீட்டிலேயே மாற்றலாமா?

ரெடிங்வாசி:
வணக்கம். என்னுடையது 2016 ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், பெட்ரோல், மேனுவல். போன வாரம் எம்.ஓ.டி. (இங்கிலாந்தின் வருடாந்திர வாகனப் பரிசோதனை) தேறிவிட்டது, ஆனால் பின்பக்க பிரேக் பேட் தேய்ந்திருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முன்பக்கம் நன்றாக இருக்கிறதாம். திருச்சியில் வைத்திருந்த ஸ்விஃப்ட்டுக்கு முன் பேட்களை நானே மாற்றியிருக்கிறேன். இதில் ஹேண்ட் பிரேக் வெறும் பட்டன். புது பேட் வைக்க, பேட்டை அழுத்தும் பிஸ்டனை கிளாம்ப் போட்டு உள்ளே தள்ளினால் போதுமா? பின்பக்கம் எப்படி முதலில் தேய்ந்தது?

பழைய கோல்ஃப்:
அப்படியே தள்ளிவிடாதீர்கள். நான் தள்ளித்தான் இடது காலிப்பரை (பிஸ்டனும் பேட்களும் இருக்கும் பிரேக் கவ்வி) இழந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிஸ்டனுக்கு உள்ளே ஒரு திருகுத் தண்டும் அதில் ஏறி இறங்கும் நட்டும் இருக்கின்றன. காலிப்பரின் முதுகில் இருக்கும் சின்ன மோட்டார் தண்டைச் சுற்றும். நட்டு முன்னேறி பிஸ்டனை அழுத்தும். பட்டனை விடுவித்தாலும் நட்டு கொஞ்சம்தான் பின்வாங்கும். பேட் தேயத் தேய அது முன்னாலேயே நிற்கும். அந்த நிலையில் கிளாம்ப் போட்டால் பிஸ்டன் நட்டில் மோதி, முழு பலமும் தண்டிலும் பல்சக்கரங்களிலும் இறங்கிவிடும்.

எனவே முதலில் நட்டைப் பின்னால் இழுக்க வேண்டும். அதற்கு காரின் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுக்கும் விசிடிஎஸ் அல்லது ஓபிடி இலெவன் கருவி வேண்டும். சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். இந்த வேலை முடியும்வரை ஹேண்ட் பிரேக் இருக்காது. இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப், ஹேண்ட் பிரேக் விடுவித்த நிலை. கருவியின் மெனுவில் 03 ஏபிஎஸ் (பிரேக்) பகுதியில் பேசிக் செட்டிங்ஸுக்குள் பேட் மாற்றும் முறையைத் தொடங்கினால் இரண்டு பக்கமும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். பேட்டரி பலவீனமாக இருந்தால் முதல் நாளே சார்ஜ் செய்துவிடுங்கள்.

அப்புறம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். இதில் பிஸ்டனைச் சுற்ற வேண்டியதில்லை, நேராகத் தள்ளலாம். தள்ளும்போது பிரேக் ஆயில் மேலே ஏறும், டப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலிப்பரை பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். காலிப்பரின் 13 எம்எம் போல்ட்கள் புதிதாகப் போட வேண்டியவை, முறுக்கு 35 நியூட்டன் மீட்டர். சக்கர போல்ட் 120.

காலிப்பர் கழன்றிருக்கும்போது யாரும் அந்தப் பட்டனைத் தொடக்கூடாது. நான் சாவியை எடுத்துப் பையில் வைத்துக்கொள்வேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முடிந்ததும் பிரேக் மிதி கெட்டியாகும்வரை பல தடவை மிதியுங்கள். அதற்குப் பிறகுதான் கருவியில் பேட் மாற்றும் முறையை முடிக்க வேண்டும். வரிசை மாறக்கூடாது.

பின்பக்கம் முதலில் தேய்வது இந்த வகை கார்களில் சகஜம். லேசாக மிதிக்கும்போது பின்சக்கரங்களுக்கும் கணிசமான பங்கு போகிறது, தவிர பின் பேட் ஆரம்பத்திலேயே மெல்லியது. 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் எம்.ஓ.டி. தேறாது, அடுத்த வருடம் வரை தள்ளிப் போடாதீர்கள்.

மில்டன்கீன்ஸ்:
கருவி எல்லாம் எதற்கு? மோட்டாரின் பிளக்கைக் கழற்றி இரண்டு வயரில் 12 வோல்ட் கொடுத்தால் நட்டு பின்னால் போய்விடும். யூட்யூபில் நிறைய பேர் செய்கிறார்கள்.

பழைய கோல்ஃப்:
போகும், மறுக்கவில்லை. ஆனால் மோட்டார் இழுக்கும் கரன்ட் ஏறுவதைப் பார்த்துத்தான் எப்போது நிறுத்துவது என்று காரின் கன்ட்ரோல் யூனிட் முடிவு செய்கிறது. நேராக பேட்டரியில் இணைத்தால் நிறுத்துவது உங்கள் கை மட்டும்தான். ஒரு நொடி அதிகமானால் நட்டு கடைசிவரை போய் இறுகிக்கொள்ளும். நண்பரின் கருவியைக் கடன் வாங்கியாவது முறையாகச் செய்யுங்கள். சரிவில் காரைப் பிடித்து நிறுத்துவது இந்த ஹேண்ட் பிரேக்தான்.

ரெடிங்வாசி:
ஆபீஸ் நண்பரிடம் விசிடிஎஸ் கிடைத்தது, சனிக்கிழமை முடித்துவிட்டேன், ரொம்ப நன்றி. மோட்டார் சத்தம் இரண்டு பக்கமும் கேட்ட பிறகுதான் ஜாக்கியையே எடுத்தேன். வலது பக்கம் உள் பேட் வெளி பேட்டைவிட நன்றாகத் தேய்ந்திருந்தது. காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் அசையவே சிரமப்பட்டது.

பழைய கோல்ஃப்:
அந்தப் பின்னைக் கழற்றித் துடைத்து, சிலிகான் கிரீஸ் போட்டீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே சக்கரத்தை மறுபடி கழற்றுங்கள். புது உள் பேட்டும் அதே போலத் தேயும்.