புதுப்பிப்பு: குளிர்ப் பகுதிப் புல்தரைக்கு எந்த விதை?

பனி உறையும் இடத்தில் புல்தரைக்கு எந்த விதை போடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். கோடை முடியும் தறுவாயில் கலவையாகவே விதைத்தேன்: கென்டக்கி புளூகிராஸ், பெரெனியல் ரைகிராஸ், மரத்தடி நிழலுக்கு மட்டும் ஃபைன் ஃபெஸ்க்யூ.

ரைகிராஸ் ஏழாம் நாளே பச்சை காட்டியது. புளூகிராஸ் மூன்று வாரமாகியும் தலைகாட்டாததால் விதை சொத்தை என்றே நினைத்து மனம் தளர்ந்துபோனேன். அதன் இயல்பே அப்படித்தான். முளைக்க 14 முதல் 30 நாள் எடுக்கும். அதுவரை மேல்மண் காயவே கூடாது, தினமும் இரண்டு முறை லேசாகத் தெளித்தேன். பனிக்காலம் தாண்டிய பிறகுதான் அதன் அருமை புரிந்தது: ரைகிராஸ் கருகிய திட்டுகளை, மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் புளூகிராஸ் தானே மூடி வருகிறது.

பெர்முடா போடச் சொன்னவர்களுக்கு: அது வெப்பப் பகுதிப் புல், கடுங்குளிரில் நிற்காது.