ஸ்கேன் இயல்பு என்றால் என் பதற்றம் பொய்யா?

தையல்காரி:
எனக்கு வயது 41. வீட்டிலேயே தையல் வேலை. இரண்டு வருடமாகப் பதற்றம் ஆட்டிப் படைக்கிறது. மகள் பள்ளியிலிருந்து வரப் பத்து நிமிடம் தாமதமானால் கை நடுங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாது. பொதுவான பதற்றக் கோளாறு என்றார் மனநல மருத்துவர். தலைவலியும் இருந்ததால் எம்ஆர்ஐ எடுத்தோம். எல்லாம் இயல்பு என்று அறிக்கை வந்தது. “மூளையில்தான் ஒன்றுமில்லையே, பிறகு எதற்கு மாத்திரை?” என்கிறார் மாமியார். என் பயம் வேறு. பதற்றம் நீடித்தால் மூளையில் நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கிவிடும் என்று எங்கோ படித்துவிட்டு இரண்டு இரவுகள் தூங்கவில்லை. அந்தச் சுருக்கம் ஸ்கேனில் தெரியாமல் போயிருக்குமா?

ஆலோசகர்:
சகோதரி, உளவியல் ஆலோசகராக இருப்பதால் இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். மருத்துவமனை ஸ்கேனில் கட்டி, இரத்தக்கசிவு போன்றவற்றைத்தான் தேடுவார்கள். பதற்றத்தைக் காட்டும் அடையாளம் எதுவும் அதில் கிடையாது. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே வரும். அவர்களின் வலியை யாரும் பொய் என்பதில்லை.

உங்கள் கோளாறைப் பற்றியே 2021இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 28 ஆய்விடங்களின் ஸ்கேன்களை ஒன்றுசேர்த்தார்கள்: கோளாறு உள்ளவர்கள் 1,020 பேர், இல்லாதவர்கள் 2,999 பேர். இரு தரப்பினரின் மூளை அமைப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

ஹிப்போகாம்பஸ் பற்றிய பேச்சு பெரும்பாலும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் ஆய்வுகளிலிருந்து வருவது. 2013 வரை அந்த மன உளைச்சலையும் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்தே அமெரிக்க மருத்துவர்கள் வகைப்படுத்தினார்கள். 2002இல் வியட்நாம் போர் வீரர்களையும் அவர்களின் ஒத்த இரட்டையரையும் ஒப்பிட்டார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட வீரருக்கு ஹிப்போகாம்பஸ் சிறியதாக இருந்தது. போர்முனையையே பார்க்காத அவருடைய இரட்டையருக்கும் அப்படித்தான் இருந்தது. அதாவது, அந்தச் சிறிய அளவு உளைச்சலுக்கு முன்பே இருந்திருக்கக்கூடும். தயவுசெய்து இன்றிரவு நிம்மதியாகத் தூங்குங்கள்.

கடைசி இருக்கை:
எனக்குச் சமூகப் பதற்றம். ரேஷன் கடை வரிசையில் பெயரைக் கூப்பிட்டாலே நாக்கு வறண்டுவிடும். எனக்குத் தெம்பு தந்தது 2016இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வு. என்னைப் போன்ற 26 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேருக்கு இணையவழியில் ஒன்பது வாரம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை, தந்தார்கள். சிகிச்சை பெற்றவர்களுக்குப் பதற்றம் தணிந்தது. பயத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவின் பருமனும் குறைந்தது. சுருக்கம் என்றாலே கெடுதல் என்று நினைக்காதீர்கள், அக்கா.

ஆலோசகர்:
நல்ல ஆய்வு அது. ஆனால் 26 பேர் மிகக் குறைவு. அதை மட்டும் நம்பி யாருக்கும் உறுதி சொல்ல மாட்டேன். சிகிச்சை பலிக்கிறதா என்பதைக் கை நடுக்கத்தில் பாருங்கள், ஸ்கேனில் வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தையல்காரி:
மாமியாருக்கே ஒற்றைத் தலைவலி உண்டு. நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். மறுபேச்சுப் பேசவில்லை. வியாழக்கிழமை மருத்துவரிடம் தானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த நடத்தைச் சிகிச்சையைப் பற்றி அப்போது கேட்கிறேன்.