ஊருணிக்கரைக் கிணற்றுத் தண்ணீர்: அப்படியே குடிக்கலாமா?

செம்புறாங்கல்:
தேவகோட்டைப் பக்கம் ரோட்டை ஒட்டி ஒரு ஊருணி. கரையில் உறை (வட்ட வளையம்) இறக்கின பொதுக் கிணறு, விட்டம் 2 மீட்டர், இப்போ 3 மீட்டர் தண்ணி நிக்குது. சுத்துவட்டாரமே குடிக்க எடுக்குது. பருப்பு நல்லா வேகுது, ருசியும் இருக்கு. டிடிஎஸ் மீட்டர் 180 காட்டுது. கேன்ல பிடிச்சு வச்சா ரெண்டு நாள்ல அடியில மஞ்சளாப் படியுது. வீட்டுல கைக்குழந்தை இருக்கு. என்ன செஞ்சு குடிக்கணும்?

கண்மாய்க்கரை:
180ஐ வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பைத்தான் கணக்கிடும், கிருமியைப் பார்க்காது. சாக்கடை கலந்த மழைத்தண்ணீரும் 180 காட்டும். பருப்பு வேகிறது என்றால் தண்ணீர் கடினமில்லை, அவ்வளவுதான் அர்த்தம்.

கிணற்றைச் சுற்றிப் பாருங்கள். 15 மீட்டருக்குள் கழிப்பறைக் குழியோ மாட்டுக் கொட்டிலோ இருக்கக் கூடாது. கைப்பிடிச் சுவர் வேண்டும். அதைச் சுற்றி வெளிப்பக்கம் சரிந்த சிமெண்டுத் தளம் வேண்டும், இல்லாவிட்டால் குடம் கழுவிய தண்ணீர் திரும்ப உள்ளேதான் போகும். மேல் உறைகளின் இணைப்பில் பூச்சு பெயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான கிணறுகள் கெடுவது அங்கேதான்.

நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய் எட்டிப் பாருங்கள். தண்ணீர் கலங்கியிருந்தால், மண்ணில் ஊறி வடிந்து வர வேண்டியது நேராக இறங்குகிறது என்று பொருள். இணைப்புகளைப் பூசும்வரை கொதிக்க வைக்காமல் தொடாதீர்கள். ஊருணி பெருகி உறை முழுகிவிட்டால் அதற்குப் பிறகு கிணறு என்று ஒன்று இல்லை, எடுப்பது ஊருணித் தண்ணீர்தான்.

மஞ்சள் படிவு அநேகமாக இரும்பு. செம்புறைப் பூமியில் இது சகஜம். இறைக்கும்போது தெளிவாக இருக்கும், காற்றுப் பட்டதும் துருவாகிப் படியும். டீ கறுத்துப் போவதும் இதனால்தான். ஒரு குடத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கிப் பத்துத் தடவை மாற்றி ஊற்றி, ராத்திரி அசையாமல் வைத்து, காலையில் தெளிந்ததை மட்டும் நாலு மடிப்பு வேட்டித் துணியில் வடித்தால் பெரும்பகுதி போய்விடும்.

வேட்டித்துணி:
அண்ணன் சொன்னதோட கயிறையும் சேத்துக்குங்க. கிணறு சுத்தமா இருந்தாலும், ஆளாளுக்கு வீட்டு வாளிய ஈரத்தரையில வச்சு, மண்ணுல இழுத்த கயிறோட உள்ள விட்டா முடிஞ்சது கதை. கிணத்துக்குன்னே ஒரு வாளி, ஒரு நைலான் கயிறு, ஒரு கப்பி. வேலை முடிஞ்சதும் வாளியக் கவுத்து மேல மாட்டணும், தரையில வைக்கவே கூடாது.

பிளாஸ்டிக் கேன் வெயில்ல நின்னா பாசி பிடிக்கும். ஒரு கை கல்லுப்பு, கால் லிட்டர் தண்ணி போட்டு மூடி நல்லாக் குலுக்கி, ரெண்டு தடவை அலசி, கவுத்துக் காய வைங்க. எண்ணெய், பூச்சிமருந்து வந்த கேன் எத்தனை தடவை கழுவினாலும் ஆகாது. வீட்டுல குழாய் வச்ச எவர்சில்வர் டிரம் நல்லது. குடம்னா நீளக் காம்பு அகப்பையால மொள்ளுங்க, டம்ளரை உள்ள விடாதீங்க. கிருமி ஏறுறது பாதி அந்தக் கைவிரல்லதான்.

கலங்கலா இருந்தா தேத்தாங்கொட்டை உதவும். சொரசொரப்பான கல்லுல கொஞ்சம் தண்ணி விட்டு உரசி, அந்த விழுதைக் குடத்துல கலக்கி, சில மணி நேரம் விட்டா மண்ணு அடங்கும். நிறையப் போட்டா இன்னும் நல்லாத் தெளியும்னு நினைச்சுடாதீங்க, அளவு மிஞ்சினா தெளியாமலே நிக்கும். தெளிஞ்ச தண்ணியையும் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்.

நீராய்வு:
குழந்தை இருப்பதால் நைட்ரேட் பார்க்காமல் இருக்காதீர்கள். இந்தியத் தர அளவு (ஐஎஸ் 10500) லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதற்கு மேல் போனால், முக்கியமாகப் புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து, உடம்பு நீலம் பாரிக்கும். இதற்குக் கொதிக்க வைப்பது மருந்தில்லை. தண்ணீர் வற்ற வற்ற நைட்ரேட் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஃபுளோரைடும் பாருங்கள். 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5ஐத் தாண்டக் கூடாது.

குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். ரசாயனச் சோதனைக்கு 2 லிட்டர், அதே தண்ணீரில் மூன்று தடவை அலசிய புதுக் கேனில். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் நுண்ணுயிர் நீக்கிய பாட்டில்தான், அதை அலசக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். 100 மில்லியில் ஈ.கோலை (மலத்திலிருந்து வரும் கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் கணக்கு: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் × 3.14 ÷ 4 கன மீட்டர். உங்களுடையது 2 × 2 × 3 × 3.14 ÷ 4 = 9.42, அதாவது 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் சுமார் 24 கிராம். கலங்கலோ இரும்போ இருந்தால் குளோரினை அதுவே தின்றுவிடும், கூடுதலாக வேண்டியிருக்கும். பவுடரை முதலில் களியாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி தண்ணீரில் கரைத்து, 10 நிமிடம் விட்டுத் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றுங்கள். அடியில் நிற்பது சுண்ணாம்பு, அதைக் கிணற்றில் விடாதீர்கள். தெளிவு இருக்கும் வாளியைத் தண்ணீருக்குள் இறக்கி மேலும் கீழும் பலமுறை ஆட்டினால் கலந்துவிடும். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் இறைப்பது வசதி, குறைந்தது ஒரு மணி நேரமாவது விட வேண்டும். மூட்டை பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. பொதுக் கிணறு என்பதால் ஊராட்சியில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

செம்புறாங்கல்:
ரொம்ப நன்றிங்க. கோடையில ஊருணி வத்தினா உள்ளேயே ஊற்று தோண்டி எடுக்குறாங்களே, அது பரவாயில்லையா?

வேட்டித்துணி:
எடுக்கலாம், கால் கழுவிட்டு இறங்கணும். முதல்ல ஊறுறதை ரெண்டு தடவை இறைச்சுக் கொட்டிட்டு, மூணாவது ஊறினதைச் சிரட்டையால அடி கலங்காம மொள்ளணும். போகும்போது முள்ளு வெட்டி மூடிட்டுப் போங்க, ஆடு வாய் வைக்கும். அந்தத் தண்ணியக் கொதிக்க வைக்காம யாருக்கும் குடுக்காதீங்க. தளதளன்னு கொதி வந்து ஒரு நிமிஷம் நின்னாப் போதும்.