கயாக்கின் மேல்தளத்தில் கயிறு கோக்கும் பதிகிண்ணங்கள்: அச்சு செய்ய ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். முட்டுக்காடு உப்பங்கழியிலும் பின்னர் கோவளம் கடலிலும் ஓட்டுவதற்காக, 4 மி.மீ. மரைன் பிளைவுட்டில் ஒரு கயாக்கை (துடுப்பால் ஓட்டும் குறுகலான சிறு படகு) வீட்டிலேயே கட்டி வருகிறேன். கவிழ்ந்தால் பற்றிக்கொள்வதற்கான 6 மி.மீ. கயிற்றை மேல்தளத்தின் ஓரமாகச் சுற்றிக் கட்ட வேண்டும். துருத்தி நிற்கும் கொக்கிகளை வைத்தால், நீரிலிருந்து மறுபடி ஏறும்போது அவை கையைக் கிழிக்கும், லைஃப் ஜாக்கெட்டிலும் மாட்டிக்கொள்ளும் என்பதால், தளத்துக்குள் பதியும் கிண்ணங்களையே விரும்புகிறேன்.

தளத்தில் வட்டத் துளை போட்டு, அடியில் கண்ணாடியிழைக் கிண்ணத்தை ஒட்டி, அதன் குறுக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் பதிக்க வேண்டும். உப்புக்காற்றில் 304 ரகம் புள்ளி புள்ளியாகத் துருவேறும். எனவே 316தான் வேண்டும். காசிமேட்டு ஃபைபர் படகுகளுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் பிசின் மரத்தில் எபாக்ஸி என்ற பிசின் அளவுக்கு உறுதியாகப் பிடிக்காது என்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

கண்ணாடியிழையைப் படியவைத்துக் கிண்ணம் செய்வதற்கான, மெழுகு தடவிய மர அச்சின் பக்கங்களுக்கு எவ்வளவு சரிவு கொடுத்தால் கிண்ணம் உடையாமல் கழன்று வரும்? ஈரக்காற்றில் எபாக்ஸியின் மேல் படியும் பிசுபிசுப்பைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, உப்புத்தாள் போட்ட பிறகு ஒட்டினால் போதுமா? வளைந்த தளத்தின் அடியில் கிண்ணத்தின் விளிம்பு இடைவெளியின்றி அமர என்ன செய்யலாம்? மேலும், 316 கம்பியைச் சிறு துண்டுகளாக வெட்டித் தரும் கடை பாரிமுனைப் பக்கம் இருந்தால் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.