கூண்டா, தொட்டியா, பேழையா? டரன்டுலா ‘என்க்ளோஷர்’ பற்றிய இழை

மு. எழுதியது:

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

டரன்டுலா என்னும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்தியை வளர்ப்போருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போகிறது. மூன்றாம் இயல் முழுக்க ‘என்க்ளோஷர்’, அதாவது சிலந்தியை அடைத்து வளர்க்கும் இடம்தான்: செலவு கட்டுப்படியாகவும் வேண்டும், பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும், எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பற்றி. இப்போதைக்குக் ‘கூண்டு’ என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. தரையில் நடமாடும் சிலந்தி, வளை தோண்டும் சிலந்தி, மரத்தில் வாழும் சிலந்தி என மூன்றுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. மூன்று பெயரும் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தால் நல்லது. குஞ்சுகளை வைக்கும் சின்னஞ்சிறு டப்பாவுக்கும் ஒரு சொல் வேண்டும். புதன் இரவுக்குள் கிடைத்தால் பிழைத்தேன்.

ந. எழுதியது:

கூண்டுக்கு என்ன குறை? கிளிக்கூண்டு, புலிக்கூண்டு, சிலந்திக்கூண்டு. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். இருக்கிற சொல்லை விட்டுவிட்டு இல்லாத சொல்லுக்கு ஏன் அலைய வேண்டும்?

அ. எழுதியது:

கூண்டு வேண்டாம் ஐயா. கூண்டு என்று படித்தவர் கம்பியும் வலையும் உள்ள ஒன்றைத்தான் தேடிப் போவார். டரன்டுலாவின் கால் நுனிகளில் நுண்ணிய நகங்கள் உண்டு. உலோக வலைமூடியில் தலைகீழாக ஊரும்போது அவை கண்ணியில் மாட்டிக்கொள்ளும். தொங்கியபடி இழுத்து இழுத்துக் காலை இழக்கும். இல்லையென்றால் கீழே விழும். வலைமூடியோடு வரும் கண்ணாடிப் பெட்டியை வாங்கினால், வலையைக் கழற்றிவிட்டு அதே அளவில் துளையிட்ட அக்ரிலிக் தகட்டைப் பொருத்த வேண்டும். கையேட்டிலும் இது இருக்கும், பாருங்கள்.

‘தொட்டி’ என்று யாராவது சொல்வதற்கு முன்பே அதையும் மறுத்துவிடுகிறேன். தொட்டி என்றால் மீன்தொட்டி. உயரமான மீன்தொட்டியில் இரண்டு விரற்கடை மண் போட்டுத் தரைச்சிலந்தியை விட்டால், சுவரில் ஏறி, விழுந்து, வயிறு கிழிந்து செத்துப்போகும். பருத்த வயிறு, மெல்லிய தோல். மண்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே கால்வீச்சைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி கூடாது என்பது இதனால்தான். கால்வீச்சு என்றால் முன்னங்கால் நுனியிலிருந்து எதிர்ப்பக்கப் பின்னங்கால் நுனிவரை குறுக்காக அளப்பது. தரை, நீளத்தில் அதைப்போல மூன்று மடங்கும் அகலத்தில் இரண்டு மடங்கும் இருந்தால் போதும். 15 செ.மீ. சிலந்திக்கு 45 × 30 செ.மீ. பெட்டி 30 செ.மீ. உயரம் என்றால் 12 செ.மீ. வரை மண். அப்போது மேலே 18 செ.மீ. மிஞ்சும், ஆபத்தில்லை.

தி. எழுதியது:

அ. அவர்கள் சொன்ன காரணங்களே ‘பேழை’க்கு வழிவிடுகின்றன. நாற்புறமும் அடைத்து மூடியிட்டது பேழை. கம்பியும் இல்லை, வலையும் இல்லை. பேழ் என்பது பெருமையையும் அகலத்தையும் உணர்த்தும். புலியைப் ‘பேழ்வாய்’ என்று சங்கப் புலவர் பாடியதைக் குழுவினர் அறிவர். அகன்று திறக்கும் வாயுடையது பேழை என்று கொண்டால், இக்காலத்தில் முன்புறம் கதவு வைத்து வருபவற்றுக்கும் பொருந்தும். சிலந்திக்குப் பேழை, சிலந்திப்பேழை: நான்காம் வேற்றுமைத் தொகை, பகரம் மிகும். வகைப்பெயர்களும் எளிதில் வரும்: தரைவாழ் பேழை, வளைவாழ் பேழை, மரவாழ் பேழை.

இன்னொன்று. ‘டரன்டுலா’ என்று எழுதுவதை விடுங்கள். டகரம் மொழிக்கு முதலில் வாராது. அதோடு பெயரே பிழை. இத்தாலியின் தரந்தோ நகரையொட்டி அப்பெயர் பெற்றது ஓநாய்ச்சிலந்தி இனம் ஒன்று. நீங்கள் வளர்க்கும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகள் தெரபோசிடே என்னும் வேறொரு குடும்பம். பிழைப்பெயரை ஒலிபெயர்ப்பது இரட்டைப்பிழை. ‘பெருஞ்சிலம்பி’ என்க. சிலம்பி பழஞ்சொல், சிலந்தி என்றால் கட்டி, புண் என்ற பொருளும் உண்டு.

ந. எழுதியது:

இந்த மடலை டீ குடித்துக்கொண்டே படித்தேன் ஐயா. டீயும் டகரத்தில்தான் தொடங்குகிறது, தொண்டையில் சிக்கவில்லை.

பேழை என்றதும் இன்று யாருக்கும் புலியின் வாய் நினைவுக்கு வராது. ‘சவப்பேழை’தான் வரும். செல்லப்பிராணிக் கையேட்டில் அந்தச் சொல்லா? பெருஞ்சிலம்பி என்று அட்டையில் போட்டால் நாட்டியப் புத்தகம் என்று எண்ணி வாங்குவார்கள்.

தி. எழுதியது:

நோவாவின் பேழை உயிர்களைக் காத்த பேழை அல்லவா? ஒரு கெட்ட பயன்பாட்டைக் காட்டி நல்ல சொல்லைப் புதைக்காதீர்கள்.

க. எழுதியது:

பேழையைப் புதைக்க வேண்டாம் என்பது சரியான சொல்லாட்சி.

‘குடம்பை’யை ஏன் யாரும் எடுக்கவில்லை? குறள் 338: ‘குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே’. கூடு என்றும் பொருள், முட்டை என்றும் பொருள். பரிமேலழகர் முட்டை என்றே கொண்டார். கூடாயின் பறவை மீண்டும் வந்து புகும், உயிர் உடம்புக்குத் திரும்பாது, ஆதலால் உவமை பொருந்தாது என்பது அவர் கட்சி. அவரை மறுப்போர் பக்கம் நின்றால் நமக்கு ஒரு நல்ல சொல் கிடைக்கிறது.

அ. எழுதியது:

பரிமேலழகர் பக்கமே நில்லுங்கள். சிலந்தி சட்டை உரிக்கும்போது பழைய மேலோட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே வரும், திரும்பப் புகாது. குடம்பை அந்த உரித்த சட்டைக்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது. மு. அவர்களுக்கு ஐந்தாம் இயலில் அதற்கும் ஒரு சொல் தேவைப்படும், குறித்துக்கொள்ளட்டும்.

‘அளை’ என்று அடுத்து யாரேனும் வருவார்கள். சங்கப் பாடலில் நண்டு புகும் வளை அது. அழகான சொல்தான். ஆனால் அது சிலந்தி தானே தோண்டுவது. நாம் வாங்கி வைப்பது வேறு, அதற்குள் அது செய்துகொள்வது வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் ‘அளைக்குள் அளை தோண்டும்’ என்று எழுத வேண்டிவரும்.

க. எழுதியது:

அளைக்குத் தயிர், மோர் என்றும் பொருள் உண்டு. தப்பித்தோம்.

இ. எழுதியது:

ஆனைக்காவில் சிலந்தி பந்தலிட்ட கதையையும் கோச்செங்கணான் பிறப்பையும் இங்கே நினைவுகூர்வது பொருத்தமாக இருக்கும். அங்கே சிலந்தி தானே அமைத்த வலைப்பந்தலைத்தான்...

மட்டுறுத்துநர்:

இழை திசைமாறுகிறது. பக்திக்குத் தனி இழை தொடங்கவும். மொழிபெயர்ப்பாளருக்கு இன்னும் இரண்டு நாள்தான்.

மு. எழுதியது:

நன்றி. இதுவரை கூண்டும் தொட்டியும் விழுந்துவிட்டன. பேழைக்கு இருவர், எதிர்ப்பு ஒருவர். நான் எளிமையாகப் ‘பெட்டி’ என்று போட்டுப் பார்த்தேன். தரைப்பெட்டி, வளைப்பெட்டி வரை சிக்கலில்லை. மூன்றாவது ‘மரப்பெட்டி’ என்று வந்து நிற்கிறது!

அ. எழுதியது:

அதைப் படித்தவர் மரத்தாலான பெட்டியை வாங்குவார். ஈரமண் பட்டுப் பலகை உப்பும், பூஞ்சை பிடிக்கும். தேவதாரு, பைன் போன்ற பிசின் மணமுள்ள பலகை என்றால் சிலந்திக்கே கேடு.

சிலந்தி எங்கே வாழ்கிறது என்பதை வைத்துப் பெயரிடுவதை விட்டுவிட்டு, பெட்டியின் வடிவத்தை வைத்துப் பெயரிடுங்கள். வாங்குபவர் கடையில் நின்று பார்ப்பது வடிவத்தைத்தானே.

தரைச்சிலந்திக்கு அகலம். வளைச்சிலந்திக்கு ஆழம்: 20 முதல் 30 செ.மீ. வரை மண், கையால் அழுத்தி, தோண்டினால் சரியாத அளவுக்கு ஈரத்தோடு. வெறும் தென்னைநார்த் தூள் காய்ந்தால் பொலபொலத்து வளை இடிந்துவிடும். தோட்டமண் கலந்தால் நிற்கும், ஆனால் உரமும் பூச்சிமருந்தும் படாத மண்ணாக இருக்க வேண்டும். மரச்சிலந்திக்கு உயரம்: வளர்ந்ததற்கு 20 × 20 தரையும் 30 செ.மீ. உயரமும், நிமிர்த்திச் சாய்த்த ஒரு கார்க் மரப்பட்டையும். இது உச்சிக்கு அருகில் வலை கட்டும். மூடி மேலே இருந்தால் திறக்கும்போதெல்லாம் வீட்டையே கிழிப்பீர்கள். அதனால்தான் முன்கதவு.

மலிவாகவும் அழகாகவும் வேண்டும் என்றால் மரச்சிலந்திக்குக் கவிழ்த்த ஜாடியை மிஞ்ச ஒன்றில்லை. திருகுமூடியுள்ள தெளிந்த பிளாஸ்டிக் ஜாடியைத் தலைகீழாக்கினால் மூடி தரையாகிவிடும். மண் மூடியில், பட்டை மண்ணில் ஊன்றி. திறக்கும்போது கீழேதான் திறக்கும். உச்சியில் உள்ள வலை குலையாது. தரைச்சிலந்திக்கு, பொம்மைக் காரும் சிற்பமும் வைக்கும் அக்ரிலிக் காட்சிப்பெட்டி. ஐந்து பக்கமும் தெளிவு. துளை மட்டும் நாம் போட வேண்டும்.

அந்தத் துளையில்தான் பலர் பெட்டியை உடைக்கிறார்கள். அக்ரிலிக்கில் ட்ரில்லை மெதுவாக ஓட்டி, பின்னால் ஒரு மரக்கட்டையை ஒட்டக் கொடுத்து, இருபுறமும் டேப் ஒட்டித் துளையிட வேண்டும். அழுத்தினால் கடைசி நொடியில் பின்பக்கம் சில்லு தெறிக்கும். கண்ணாடி போல் தெளிந்து, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் மலிவுப் பெட்டி பாலிஸ்டைரீன். அதில் ட்ரில் வைத்தாலே விரியும். சால்டரிங் அயர்னால் உள்ளிருந்து வெளியே குத்துங்கள். உருகிய விளிம்பின் கூர்மை வெளியில் நிற்கும். புகை மூக்கில் ஏறாதபடி காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யவும். உணவுடப்பாக்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன்: பால்மங்கல், ஆனால் விரியாது. ஒரு பக்கம் மண்ணுக்குச் சற்று மேலே ஒரு வரிசைத் துளை, எதிர்ப்பக்கம் உச்சியில் ஒரு வரிசை. காற்று குறுக்கே ஓடும். மூடியில் மட்டும் துளையிட்டால் கீழே ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

துளையின் அகலம், சிலந்தியின் தலைநெஞ்சு ஓட்டில் (தலையும் நெஞ்சும் சேர்ந்த முன்பகுதியின் ஓடு) பாதிக்கும் குறைவாக இருக்கட்டும். ஓடு நுழைந்தால் மொத்தச் சிலந்தியும் நுழையும். வயிறு பிதுங்கி வந்துவிடும்.

இன்னொரு குறிப்பு: 3 மி.மீ. அக்ரிலிக் மூடி உட்புற ஈரத்தால் வளைந்து, மூலையில் இடைவெளி விடும். 5 மி.மீ. வாங்குங்கள். 45 × 30 செ.மீ. பெட்டியில் 12 செ.மீ. மண் என்றால் 16 லிட்டருக்கு மேல். மெல்லிய அடித்தகடும் தாங்காது. கண்ணாடியை ஒட்டச் சிலிகோன் பசை போதும், புளித்த வாடை அறவே போனபின் சிலந்தியை விடலாம். அக்ரிலிக்கைச் சிலிகோன் உறுதியாகப் பிடிக்காது. அதற்கென உள்ள கரைப்பான் பசைதான்.

தி. எழுதியது:

வடிவத்தால் பெயரிடும் கருத்து நன்று, ஏற்கிறேன். அகல்பேழை, ஆழ்பேழை, நெடும்பேழை. முதல் இரண்டும் வினைத்தொகை, வல்லினம் மிகாது. மூன்றாவது பண்புத்தொகை. பெட்டியைவிட எவ்வளவு ஒலிநயம் பாருங்கள்.

க. எழுதியது:

அகல்பேழை என்றால் அகல்விளக்கை வைக்கும் பேழை என்று நான் படித்தேன்.

ந. எழுதியது:

அகலப்பெட்டி, ஆழப்பெட்டி, உயரப்பெட்டி. இலக்கணக் குறிப்பு எழுதத் தேவையில்லாத மூன்று சொல். முடித்துவிடலாமே.

அ. எழுதியது:

‘உயரப்பெட்டி’ என்பது பரணில் இருக்கும் பெட்டி போலக் கேட்கிறது. நெடும்பெட்டி என்றே வைத்துக்கொள்ளலாம். அகலப்பெட்டி, ஆழப்பெட்டி, நெடும்பெட்டி. கொஞ்சம் ஒட்டாவிட்டாலும் கடைக்காரரிடம் சொன்னால் புரியும்.

மு. எழுதியது:

புதன் இரவாகிவிட்டது. நால்வர் பெட்டி, இருவர் பேழை, க. அவர்கள் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, அவரை நால்வரில் சேர்த்திருக்கிறேன். பொதுச்சொல் ‘சிலந்திப்பெட்டி’, வகைகள் அ. சொன்னபடி. இயலின் தலைப்பில் மட்டும் பேழையை வைத்துக்கொள்கிறேன், தி. ஐயாவுக்காக. டரன்டுலா அப்படியே இருக்கும். குஞ்சுகளின் டப்பாவுக்கு ‘சிமிழ்’ என்று நானே போட்டுவிட்டேன்: கையளவு, மூடியுள்ளது, குங்குமச்சிமிழ் எல்லாருக்கும் தெரியும். மறுப்பிருக்காது என்று நினைக்கிறேன்.

தி. எழுதியது:

தலைப்பில் ஒன்று, உள்ளே ஒன்று என்பது கலைச்சொல் நெறிக்கே முரண். தலைப்பிலும் பெட்டி என்றே போடுங்கள். என் எதிர்ப்பை மட்டும் பதிவு செய்க. அடுத்த பதிப்பில் பேசிக்கொள்வோம்.

அ. எழுதியது:

சிமிழுக்கு எனக்கு மறுப்பு உண்டு. சிமிழ் என்றால் ஒளி புகாதது, காற்று புகாதது. குஞ்சு உரித்ததா, தின்றதா என்று வெளியிலிருந்து பார்க்க முடிய வேண்டும். ஊசியைச் சூடாக்கிக் குத்திய துளைகளும் வேண்டும். அச்சுக்குப் போகுமுன் ‘கண்ணாடிச்சிமிழ்’ என்று திருத்த முடியுமா?

ந. எழுதியது:

பிளாஸ்டிக் டப்பாவுக்குக் கண்ணாடிச்சிமிழா?