டி32-க்கு மாறினால் நான் ஊழியரே இல்லையாமே?

நாமக்கல்காரி:
நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தேன், பிஎச்.டி. அமெரிக்காவில். ஒன்பது மாதமாக போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளர். நாய்களுக்கு வரும் எலும்புப் புற்றுநோய் சிறுவர்களுக்கு வருவதை நிறையவே ஒத்திருக்கும்; அதில்தான் வேலை. சம்பளம், பாஸ் தன் ஆராய்ச்சிக்கு வாங்கிய ஆர்01 மானியத்தில். போன மாதம் கிரீன் கார்டு வந்ததும், மருத்துவக் கல்லூரியின் டிரான்ஸ்லேஷனல் சயின்ஸ் (ஆய்வக முடிவுகளைச் சிகிச்சையாக்கும் துறை) மையத்தில் டி32 என்ற பயிற்சி மானியத்தில் ஓர் இடம் காலி, போ என்கிறார். இரண்டு வருஷம், என்ஐஎச் (அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம்) பணம். புள்ளியியல் வகுப்பு, கிளினிக்கல் டிரயல் வடிவமைப்பு, இரண்டாவது வழிகாட்டியாகக் குழந்தைகள் புற்றுநோய் மருத்துவர் ஒருவர். ஆசையாகத்தான் இருந்தது. நேற்று எச்ஆர் கடிதம்: "உங்கள் பணி 31-ஆம் தேதியுடன் முடிவடைகிறது." கணவரிடம் காட்டினால், "வாழ்த்துவதா, துக்கம் விசாரிப்பதா?" என்கிறார். போதாததற்கு, பணத்தைத் திருப்பித் தர நேரலாம் என்று ஒரு படிவம் வேறு. யாராவது இதில் இருந்திருக்கிறீர்களா?

பழையசோறு:
இருந்தேன் அக்கா. கடிதம் சகஜம்தான். டி32-இல் நீங்கள் ஊழியர் இல்லை, பயிற்சியாளர். வருவது சம்பளம் இல்லை, உதவித்தொகை. 2024-இல் புது போஸ்ட்டாக்குக்கு என்ஐஎச் வைத்த அளவு 61,008 டாலர்.

என் கூத்தைக் கேளுங்கள். முதல் மாதம் வங்கிக் கணக்கில் வழக்கத்தைவிடக் கூடுதலாக விழுந்தது. குஷியில் சோபா வாங்கினேன். வரி பிடிக்கவே இல்லை என்பது அடுத்த ஏப்ரலில்தான் உறைத்தது: 6,400 டாலர், அபராதம் தனி. இதை வருஷத்துக்கு நான்கு தவணையாக நாமே கட்ட வேண்டும். உங்களுக்கு வேறு வழியும் உண்டு: கணவர் தன் அலுவலகத்தில் டபிள்யூ-4 படிவம் கொடுத்து, அவர் சம்பளத்தில் வரியைக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம்.

403பி ஓய்வூதியச் சேமிப்பு நின்றுபோகும். ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வூதியக் கணக்கில் போடலாம், 2020-இலிருந்து இந்த உதவித்தொகையும் அதற்குக் கணக்கில் வரும். ஹெல்த் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் வாங்குங்கள். எனக்கு நடுவில் பதினோரு நாள் காப்பீடே இல்லை.

விசாக்காரன்:
கொடுத்து வைத்தவர் நீங்கள். நான் ஜே1 விசாவில். டி32, தனியாக விண்ணப்பித்து வாங்கும் எஃப்32 இரண்டுக்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். எனக்கு கே99 என்ற என்ஐஎச் மானியம் ஒன்றுதான் கதவு, அதுவும் போஸ்ட்டாக் ஆகி நான்கு வருஷத்துக்குள். உங்கள் பாஸ் நல்லவராகவே இருக்கட்டும், ஆனால் நீங்கள் மாறினால் அவருடைய ஆர்01-இல் ஒரு சம்பளம் மிச்சம். அதையும் மனதில் வைத்துப் பேசுங்கள்.

நாமக்கல்காரி:
சோபா கதைக்கு நன்றி தம்பி, இவர் இன்னும் சிரிக்கிறார். திருப்பித் தரும் படிவம்?

பழையசோறு:
அது முதல் 12 மாதத்துக்கு மட்டும். வாங்கிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதக் கடன். 13-ஆம் மாதம் முதல் பயிற்சியில் தொடரும் ஒவ்வொரு மாதமும் ஒன்றைக் கழிக்கும். இரண்டு வருஷம் முடித்தால் பாக்கி பூஜ்யம். நடுவில் கிளம்பினாலும், வேறெங்காவது வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல் சுகாதார ஆராய்ச்சியோ அது சார்ந்த கற்பித்தலோ செய்தால் கழியும். இரண்டும் இல்லையென்றால்தான் வட்டியோடு பணம்.

நாமக்கல்காரி:
சரி, அப்படியானால் கையெழுத்துப் போடலாம். முதலில் பாஸிடம் ஒன்று கேட்க வேண்டும்: நான் மாறிய பிறகு ஆர்01-க்கான எலி வேலையை யார் பார்ப்பது? அதையும் நானே பார்க்க வேண்டும் என்றால், வகுப்புக்குப் போவது யார்?